உராய்வுக்கும் உண்டு லக்ராஞ்சியன்

ஸ்ரீரங்கம் கோயில் உற்சவத்திலும் சரி, வீட்டுக் கூடத்திலும் சரி, ஆட்டுவதை நிறுத்தினால் ஊஞ்சல் மெல்ல அடங்கிவிடும். அதன் சிறு அலைவைச் சொல்லும் சமன்பாட்டில் மூன்று உறுப்புகள்: முடுக்கம், உராய்வுக்கு உரிய திசைவேகம், மீள்விசை. ‘உராய்வு இருந்தால் லக்ராஞ்சியன் இல்லை’ என்று முதுநிலை வகுப்புகளில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது பாதி உண்மை.

லக்ராஞ்சியன் என்ற சார்பைக் காலத்தில் தொகையிட வேண்டும். அந்தத் தொகை நிலைமதிப்பு பெறும் பாதையிலிருந்து இயக்கச் சமன்பாடு தானாக வரும். எந்தச் சமன்பாட்டையும் இப்படிப் பெற முடியுமா? அதற்கான நிபந்தனைகளை 1887-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தந்தார். ஊஞ்சலுக்கு அவை ஒன்றாகச் சுருங்கும்: முடுக்கத்தின் கெழு காலத்தோடு மாறும் வீதமும் திசைவேகத்தின் கெழுவும் சமமாக இருக்க வேண்டும். முடுக்கத்தின் கெழு 1. அது மாறுவதே இல்லை. உராய்வுக் கெழுவோ பூஜ்யம் அல்ல. எனவே நிபந்தனை தோற்கிறது.

இனி, காலத்தோடு அடுக்குக்குறியாக வளரும் தக்க காரணியால் சமன்பாடு முழுவதையும் பெருக்குங்கள். தீர்வுகள் மாறாது, நிபந்தனை நிறைவேறிவிடும். 1931-இல் பேட்மேன் காட்டிய இந்த வழியில், நிறையே வளர்வதுபோல லக்ராஞ்சியனுக்குள் காலம் நுழைந்துவிடுகிறது. காலம் வெளிப்படையாக வராத லக்ராஞ்சியனும் இதே அலைவுக்கு உண்டு என்று 2007-இல் எழுதியவர்கள், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வி.கே.சந்திரசேகர், மு.செந்தில்வேலன், மு.லட்சுமணன் ஆகியோர்.

அதற்காக ஊஞ்சலின் ஆற்றல் தப்பிவிட்டது என்று பொருள் இல்லை. அது காற்றிலும் கொக்கியிலும் வெப்பமாகிக்கொண்டேதான் இருக்கிறது. காலம் வெளிப்படையாக வராத லக்ராஞ்சியனிலிருந்து மாறாத ஒரு கணியம் கிடைக்கும்; ஆனால் அது வேறு, ஆற்றல் வேறு.

எல்லாவற்றுக்கும் இப்படி வழி பிறக்கும் என்றும் நம்ப வேண்டாம். எந்தக் காரணிகளால் பெருக்கினாலும் லக்ராஞ்சியனுக்கு வசப்படாத சமன்பாடுகள் இரு மாறிகளிலேயே உண்டு என்பதை, 1941-இல் ஜெஸ்ஸி டக்ளஸ் முழுமையாக வகைப்படுத்திக் காட்டினார்.

ஆகவே, இயக்கம் எதுவானாலும் அப்படியொரு தொகையைச் சிறுமமாக்கும் என்ற பொருளில், ‘இயற்கை எப்போதும் சிக்கனமானது’ என்ற வாசகத்தை வேதவாக்காகக் கற்பிப்பது தவறு. அந்தத் தொகை கிடைப்பது, சமன்பாட்டை எந்த வடிவில் எழுதுகிறோம் என்பதையும் பொறுத்தது. நம் முதுநிலை இயக்கவியல் பாடத்திட்டத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிபந்தனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். திருச்சியில் நடந்த ஆய்வைத் திருச்சி மாணவர்களாவது வகுப்பிலேயே போட்டுப் பார்க்கட்டும்.

- கட்டுரையாளர், இயற்பியல் ஆசிரியர்