பேரிஜம் பாதையில் ஒரு பகல்

சூளைத் தீயோடு பழகிய நம் விருத்தாசலத்து மக்களுக்குச் சித்திரை வெயில் புதிதன்று. ஆயினும் விடுமுறை வந்ததும் பங்கு இளையோரும் குடும்பங்களும் கொடைக்கானல் முகாமுக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். விருத்தாசலம் சந்திப்பில் இரவு வண்டி ஏறிக் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து பேருந்துதான். ஏரியில் படகு விடுகின்றனர். சலேத் மாதாவைத் தரிசிக்கின்றனர். சாக்லேட்டு வாங்கித் திரும்புகின்றனர். முகாமின் ஒரு பகலையேனும் ஏரிக்கு அப்பாலுள்ள புல்வெளியில் நடந்து கழிக்க வேண்டுமென்பதே இம்மாதம் நாம் சொல்ல விழைவது.

கொடைக்கானல் ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. மதுரை ஆட்சியராகப் பணிபுரிந்த லெவிஞ் துரை 1863ஆம் ஆண்டில் ஓடையைத் தடுத்து உண்டாக்கியது. தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரிலுள்ள பேரிஜம் ஏரியும் சதுப்பு நிலத்தில் கரையிட்டுத் தேக்கியதே. அதன் நீர் மலையடிவாரத்துப் பெரியகுளம் மக்களுக்குக் குடிநீராகிறது. பனியாறு குடைந்த ஆல்ப்ஸ் ஏரிகளோடு இவற்றை ஒப்பிட்டுப் பேசுவோர் உளர். நம் மலைக்கு இரவல் பெருமை எதற்கு?

பேரிஜம் செல்லும் வழியில் நடப்போர் ஒரு விந்தையைக் காண்பர். மலையின் முதுகெல்லாம் புல்; மடிப்புகளில் மட்டும் அடர்ந்த குறுங்காடு. இதனைச் சோலை என்பர். மார்கழி, தை மாதங்களில் விழும் உறைபனியும் ஓயாத காற்றும் இளமரங்களைத் திறந்த வெளியில் வளரவிடுவதில்லை என்பர் அறிஞர். காட்டை மனிதர் அழித்ததால் வந்த புல்லன்று இது. நீலகிரிச் சதுப்புகளில் படிந்த கரிமண்ணை (நெய்வேலி நிலக்கரியின் இளைய தம்பி எனலாம்) ஆராய்ந்தோர், இத்தகைய புல்வெளிகள் பல்லாயிரம் ஆண்டு பழமையுடையவை எனக் கண்டனர்.

பூச்சு ஏறாத மண்பானை நீரைத் தன்னுள் ஏற்றுச் சிறிது சிறிதாகக் கசியவிடுவதைப் பீங்கான் தொழிலறிந்த நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. புல்வெளியும் சோலையும் சதுப்பும் மழைக்குச் செய்வது அதுவே. மழை ஓய்ந்து பல வாரம் கழிந்தும் சோலையின் அடியில் ஓடை சலசலக்கிறது. கல்வராயன் மலையில் பிறந்து வரும் நம் மணிமுத்தாற்றில் நீரினும் மணலையே மிகுதியாகக் காணும் நமக்கு, அவ்வோசை சிறு பொருளன்று.

ஆனால் ஆங்கிலேயர் கண்ணுக்கு இப்புல்வெளி தரிசாகவே தோன்றிற்று. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும், விறகுக்காகத் தைல மரத்தையும் அயல்நாட்டினின்று கொணர்ந்தனர். விடுதலைக்குப் பின்னும் ஆலைகளின் தேவைக்காக நடவு பெருகிற்று. இன்று நம் பிள்ளைகள் நின்று படமெடுக்கும் பைன் தோப்பும் இந்நடவின் பகுதியே. அழகுதான், எனினும் அங்கே பறவையொலி அரிது. சீகையோ நட்ட எல்லையைத் தாண்டித் தானே பரவிவிட்டது. அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்கத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் கொள்கையொன்றை வகுத்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் விடுத்த 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் 39ஆம் பத்தியும், இயற்கைக் காட்டின் இடத்தில் ஒரே வகை மரத்தை நடுவதால் விளையும் கேட்டினைச் சுட்டுகிறது. மரம் நடுவது எங்கும் புண்ணியமே என்றெண்ணும் நமக்கு இது வியப்பளிக்கலாம்.

நம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவரின் இயேசு சபையினரே இம்மலையின் செடிகொடிகளையும் முறையாக ஆராய்ந்தனர். 1895இல் செண்பகனூரில் இயேசுவின் திருஇருதயக் கல்லூரியைத் தொடங்கினர். அங்கு வாழ்ந்த பிரெஞ்சுக் குரு ஆங்கிலேட் அடிகளார் மலைத் தாவரங்களை வண்ணத்தில் தீட்டி வைத்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியைச் சார்ந்த கே. எம். மேத்யூ அடிகளார் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999இல் வெளியிட்டார். நடைக்கு முதல் நாள் செண்பகனூர் அருங்காட்சியகத்தைப் பார்த்துச் செல்வது நன்று. பெயரறிந்த செடி வழியில் எதிர்ப்படும்போது பிள்ளைகள் தாமே நின்று விடுவர்.

இனிச் சில குறிப்புகள். பேரிஜம் செல்லக் கொடைக்கானல் வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற வரம்பு உண்டாதலால் முன்னதாகவே கேட்டு வைக்க. ஏரிக்கரையில் கூடாரமிட்டுத் தங்க முயல வேண்டா. சாலையை விட்டிறங்கி நடக்க வனத்துறையார் இசைவும் வழிகாட்டியும் தேவை. காட்டுமாடு கண்டால் விலகி நில்லுங்கள். மழைக்காலத்தில் அட்டை உண்டு. காலுக்கு நீண்ட உறையும் கையில் சிறிது உப்பும் இருக்கட்டும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018இல் பூத்தது, இனி 2030இல்.