உரக்க வாசிக்க ஒருவர் வேண்டும்

ஐரோப்பியச் சிறுவர் குறும்பட விருதுகளைப் பற்றி நம் வட்டத்தில் பேச்சு வந்தால், எந்தப் படம் வென்றது, இயக்குநர் எந்த நாட்டவர் என்பதோடு முடிந்துவிடுகிறது. விருது கொடுக்கும் முறையைத்தான் நாம் பார்க்க வேண்டும். 1988 முதல் இயங்கிவரும் ஐரோப்பியச் சிறுவர் திரைப்படச் சங்கம் ஒரே நடுவர் குழுவை வைத்து முடிவு செய்வதில்லை. ஆண்டு முழுவதும் பல நாட்டு விழாக்களில் தெரிவான படங்கள் பட்டியலாகின்றன. உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். முடிவு பெர்லின் திரைப்பட விழாவின்போது வெளியாகிறது. பரிசு கைக்கு வருமுன்பே படம் பிள்ளைகள் முன்னால் ஓடியிருக்கும்.

பெர்லினில் 1978 இல் சிறுவர் பிரிவு தொடங்கியது. அதன் பளிங்குக் கரடி விருதைப் பிள்ளைகளே தீர்மானிக்கிறார்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த மண்டபத்தில் மைக்கோடு உட்கார்ந்திருக்கும் ஆள். படம் மூல மொழியில் ஓடும், ஆங்கில சப்டைட்டில் திரையில் வரும், ஜேர்மன் வசனத்தை அவர் அங்கேயே உரக்க வாசிப்பார். ஆறு வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிக் களைக்க வேண்டியதில்லை, முகங்களைப் பார்க்கலாம். நடிகரின் சொந்தக் குரலும் அடியில் கேட்கும். டப்பிங் செலவும் இல்லை.

இந்த இதழை மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையில் இருந்து எழுதுகிறேன். திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் ஏறிய இடம் இது, கி.மு. முதலாம் நூற்றாண்டு, வலகம்பா மன்னன் காலம். பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடமாக ஓதுபவர்கள் அழிந்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் எழுதினார்கள் என்பது மரபு. வருகிறவர்கள் ஏட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக வாயால் காத்தவர்களை யாரும் கேட்பதில்லை. பெர்லின் மண்டபத்து ஆளைப் போல நமக்கும் வேண்டியவர்கள் அப்படி வாயால் சொல்பவர்கள்தான்.

மாத்தளையில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே சந்தியில் பஸ் ஏறி வேறு வேறு பாடசாலைக்குப் போகிறார்கள். பத்து நிமிடக் குறும்படம் என்றால் இருவரையும் ஒரே அறையில் உட்கார்த்தி, ஒருமுறை சிங்களத்திலும் மறுமுறை தமிழிலும் வாசிக்கலாம். இரண்டாம் முறை பிள்ளைகளுக்குச் சலிக்குமோ என்று அஞ்ச வேண்டாம். பிடித்த படத்தைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்பது அவர்கள் வழக்கம்.

வசனமே இல்லாத படம் இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்கள் சிலர். பிரெஞ்சு இயக்குநர் லமோரீஸின் ‘சிவப்பு பலூன்’ (1956, 34 நிமிடம்) அப்படிப்பட்டதுதான். பேச்சு ஏறக்குறைய இல்லாத அந்தப் படம் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கியது வேடிக்கை. தொடங்குவதற்கு நல்ல படம். ஆனால் அதையே ஆண்டுதோறும் போட்டால், வேறு நாட்டுப் பிள்ளை எப்படிப் பேசும் என்று நம் பிள்ளைக்கு ஒருநாளும் தெரியாது.

வாசிப்பவருக்குப் பயிற்சி வேண்டும். நடிக்கக் கூடாது. வசனத்துக்கு ஒரு மூச்சு பின்னால் போக வேண்டும். மௌனமான இடத்தில் விளக்கம் சொல்லவே கூடாது. ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம். விளக்கமும் உரையாடலும் படம் முடிந்த பிறகு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் 2022 இல் தொடங்கிய சிறார் திரைப்பட விழாவும் அப்படித்தான் வகுக்கப்பட்டது. வாசிப்பது எந்தத் தமிழில் என்பதும் கேள்விதான். மலையகத் தோட்டத்துப் பிள்ளைக்குச் சென்னை டப்பிங் தமிழும் பொருந்தாது, யாழ்ப்பாணத் தமிழும் பொருந்தாது. ரூபவாஹினித் தொலைக்காட்சியில் டைட்டஸ் தொடவத்த வெளிநாட்டுச் சித்திரப் படங்களைச் சிங்களப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சாகவே மாற்றிக் காட்டினார். மலையகத் தமிழுக்கு அந்த வேலை இன்னும் நடக்கவில்லை.

அடுத்த முறை ஒரு குறும்படத்துக்குத் திரையிடல் அனுமதி கேட்டு எழுதும்போது, நேரக் குறிப்போடு கூடிய வசனப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். அதைத் தமிழாக்கி முடித்ததும் மற்றப் பாடசாலைகளுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.