சொன்ன கதையும் சொல்லாத கணக்கும்

புது தில்லி: 2008 ஜூலை 22. மன்மோகன் சிங் அரசு மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்த நாள். அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக் கொண்டதன் விளைவு அது. அவை நடுவே எடுத்துக் காட்டப்பட்ட பணக்கட்டுகளை எவரும் மறந்திருக்க முடியாது. அதே நாளில் அந்த அவையில் இரண்டு வாழ்க்கைக் கதைகளும் இடம்பெற்றன என்பது பலருக்கு நினைவிருக்காது.

முதல் கதையைச் சொன்னவர் ராகுல் காந்தி. விதர்பாவில் கடன் சுமையால் தற்கொலை செய்துகொண்ட ஒரு விவசாயியின் மனைவியைத் தாம் சந்தித்ததை விவரித்து, அத்தகைய குடும்பங்களுக்கு மின்சாரம் வேண்டும், அதற்கு அணுசக்தி வேண்டும் என்று வாதிட்டார். மறுநாள் அந்தப் பெண்மணியின் பெயர் நாடெங்கும் ஒலித்தது.

இரண்டாவது கதை பிரதமருடையது. குடிநீர், மின்சாரம், மருத்துவமனை, சாலை என எதுவுமில்லாத ஒரு கிராமத்தில் வாழ்வின் முதல் பத்து ஆண்டுகளைக் கழித்ததையும், பள்ளிக்குப் பல மைல் நடந்ததையும், மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்ததையும் தமது பதிலுரையில் அவர் எழுதியிருந்தார். கூச்சல் காரணமாக அந்த உரையை அவரால் படிக்க முடியவில்லை; அவையில் தாக்கல் செய்துவிட்டு அமர்ந்தார். 275 - 256 என்று அரசு வென்றது. பிரதமரின் கதையோ அவைக் குறிப்பில் உறங்கிப் போனது.

வறுமையை அனுபவித்தவர் அதை உரக்கச் சொல்லவில்லை. நேரில் கண்டவர் சொன்ன கதை நிலைத்தது. அரசியலில் வாழ்ந்த வாழ்க்கையைவிட, சொல்லப்பட்ட வாழ்க்கைக்கே மதிப்பு அதிகம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தக் கலையை முழுமையாகக் கையாண்ட தேர்தல் 2014இல் வந்தது. நரேந்திர மோடி இந்த நூற்றாண்டில் பிரதமராக முடியாது, வேண்டுமானால் இங்கு தேநீர் விநியோகிக்க இடம் தருகிறோம் என்ற பொருளில் காங்கிரஸ் தலைவர் மணிசங்கர் ஐயர் அந்த ஆண்டு ஜனவரியில் தில்லியில் பேசினார். மயிலாடுதுறை மக்கள் மும்முறை மக்களவைக்கு அனுப்பிய அவரது ஒற்றை வாக்கியத்தை எதிரணி நழுவ விடவில்லை. அடுத்த மாதமே 'சாய் பே சர்ச்சா' எனும் தேநீர்ச் சந்திப்புகள் தொடங்கின. வட்நகர் ரயில் நிலையத்தில் தேநீர் விற்ற சிறுவனின் கதை தேர்தலின் மையக் கதையாயிற்று. பாரதிய ஜனதா 282 இடங்களைப் பெற்றது.

ராகுல் காந்தியிடமும் கதை இருந்தது. பாட்டியையும் தந்தையையும் படுகொலைக்குப் பறிகொடுத்தவர் அவர். 2013 ஜனவரியில் ஜெய்ப்பூர் மாநாட்டில், தாயார் தம் அறைக்கு வந்து அழுததையும், அதிகாரம் ஒரு நஞ்சு என்று உணர்ந்ததையும் கூறியபோது தொண்டர்கள் கண் கலங்கினர். ஆயினும் 2014இல் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 44 இடங்களே. தோல்விக்குக் காரணங்கள் பல. கதை மட்டுமே காரணமன்று. ஆனால் ஒன்று தெளிவு. துயரத்தின் ஆழத்தைப் பார்த்து மக்கள் ஒரு கதையை ஏற்பதில்லை. அதில் தங்கள் முகம் தெரிகிறதா என்றே பார்க்கிறார்கள். தேநீர்க் கடைச் சிறுவனிடம் கோடிக்கணக்கானோர் தங்களைக் கண்டனர். அரண்மனைத் துயரத்தில் அவர்களால் பரிவு காட்ட முடிந்தது. தங்களைக் காண முடியவில்லை.

இதில் தவறென்ன என்று கேட்கலாம். தவறில்லை. 2022 ஜூலை 25 அன்று மைய மண்டபத்தில் பதவியேற்ற திரௌபதி முர்மு, தம் கிராமத்திலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் பெண் தாமே என்று கூறியபோது, பல பழங்குடிச் சிறுமியருக்கு ஒரு கதவு திறந்தது. அத்தகைய கதைகள் ஜனநாயகத்தின் செல்வம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கதை கேடயமாகும்போது, ஆட்சியைப் பற்றிய விமர்சனம்கூடப் பிறப்பைப் பற்றிய இழிவாகச் சித்திரிக்கப்படுகிறது. விலைவாசி பற்றிய கேள்விக்கு இளமைக்கால வறுமை விடையாகாது. பாதுகாப்புக் குறைபாடு பற்றிய கேள்விக்குக் குடும்பத்தின் தியாகமும் விடையாகாது. எந்தக் கட்சியும் இதற்கு விலக்கல்ல.

இன்னொருவர் கதையை இரவல் வாங்குவது அதைவிடக் கொடுமை. அதே விதர்பா பெண்மணியின் பெயர் 15 ஆண்டுகளுக்குப் பின், 2023 ஆகஸ்டில், நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தில் மீண்டும் ஒலித்தது. அவருக்கு வீடும் மின்சாரமும் தந்தது மோடி அரசே என்றார் உள்துறை அமைச்சர் அமித் ஷா. அந்தப் பெண்மணியோ அதை மறுத்து, தமக்கு உதவியவர் ராகுல் காந்தியே என்று செய்தியாளர்களிடம் கூறினார். ஓர் ஏழையின் வாழ்வு இரு தரப்புக்கும் சான்றாவணமாயிற்று. அவையில் பேச அவருக்கு மட்டும் இடமில்லை.

கதைக்கு ஏன் இத்தனை தேவை? கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த 1985 முதல், கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே இருப்பதில்லை. சொந்தமாகக் காட்டச் சாதனைப் பட்டியல் இல்லாத உறுப்பினர், சொந்தக் கதையைக் காட்டுகிறார்.

2002, 2003 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால், வேட்பாளர்கள் சொத்து, கடன், கல்வித் தகுதி, குற்ற வழக்குகள் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டியதாயிற்று. மேடையில் சொல்லும் கதைக்குப் பிரமாணப் பத்திரம் இல்லை. எனவே சரிபார்க்கும் பொறுப்பு வாக்காளருடையது. இது யாருடைய கதை? சொல்பவர் பதவிக்கு வந்தபின், அதே நிலையில் இருப்போருக்கு என்ன செய்தார்? அவையில் எத்தனை கேள்வி கேட்டார்? இந்த மூன்றையும் கேட்டாலே போதும்.

தலைவர்களின் கதையைக் கண்ணீரோடு கேட்பதில் பிழையில்லை. கண்ணைத் துடைத்துக் கொண்டபின் கணக்கையும் கேட்க வேண்டும்.