விண்மீன் பேரரசுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானதும், திப்பு சுல்தானிடமிருந்த பாரமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பகுதி அது. நிர்வாகம் பார்க்க வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்கள் மூவரும் பட்டாளத்துக்காரர்கள். பட்டாளத்துக்காரர்கள் வந்தால் கோட்டை எழும், பீரங்கி உருளும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இவர்களோ நிலத்தை அளந்தார்கள். எது நஞ்சை, எது புஞ்சை, எந்தக் கிணற்றில் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும், யார் உழுகிறார், எவ்வளவு வரி தாங்கும் என்று வயல் வயலாக எழுதினார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் இதே வேலை. உதவியாளர்களில் ஒருவர் தருமபுரியில் தங்கியிருந்த தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான அவர் பரப்பிய ரயத்துவாரி முறை இந்தச் செம்மண்ணில்தான் கைப்பழக்கமானது.

விண்வெளிப் பேரரசு கட்டும் வீடியோ கேமை முதன்முதலாகத் திறக்கும் இளைஞருக்கு இதைவிட நல்ல பால பாடம் கிடையாது.

இந்த வகை விளையாட்டுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1993-ல் ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ வெளிவந்தபோது, ஆலன் எம்ரிச் என்ற விமர்சகர் இதன் இயல்பை நான்கு வினைகளில் அடக்கினார்: தேடு, பரவு, பயன்படுத்து, அழி. நான்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் தொடங்குவதால் ‘ஃபோர் எக்ஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. புதிதாக வருகிறவரின் கண்ணில் படுவது நான்காவது வினை மட்டும். முதல் மூன்றும் சரியாக நடந்தால் நான்காவது பல சமயம் தேவையே படாது என்பதை அவர் மூன்று ஆட்டம் தோற்ற பிறகே கண்டுகொள்கிறார்.

சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ‘ஸ்டெல்லாரிஸ்’ இன்று இந்த வகையில் பரவலாக ஆடப்படுவது. ஆட்டம் கி.பி. 2200-ல் தொடங்கும். கையில் ஒரு தாய்க்கோள், ஓர் ஆய்வுக் கப்பல், ஒரு கட்டுமானக் கப்பல், கார்வெட் எனப்படும் குட்டிப் போர்க்கப்பல் மூன்று. திரையின் மேல்வரிசையில் ஆற்றல், கனிமம், உணவு, உலோகக்கலவை என்று எண்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் மாத வரவோ பற்றோ பக்கத்திலேயே நிற்கும். கிராமத்துக் கணக்குப்பிள்ளையின் பேரேடு அது. புதியவர் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இருக்கும் உலோகக்கலவையையெல்லாம் போர்க்கப்பலாக்குகிறார். ஒவ்வொரு கப்பலும் மாதாமாதம் ஆற்றலைத் தின்னும். வரவு பற்றாகிச் சிவப்பில் இறங்கும்போது எதிரி இன்னும் எல்லைக்கே வந்திருக்கமாட்டான்.

ரீட் செய்ததைச் செய்தால் போதும். முதல் வேலையாக இன்னோர் ஆய்வுக் கப்பல் கட்டிச் சுற்றுப்புற விண்மீன்களை அளக்க அனுப்ப வேண்டும். அளக்காத இடத்தில் சாவடி போட முடியாது. சாவடி போடாமல் அங்குள்ள கனிமம் கைக்கு வராது. சாவடிக்கு உலோகக்கலவையோடு ‘செல்வாக்கு’ என்றொரு பொருளும் செலவாகும். அது மெதுவாகத்தான் ஊறும் என்பதால் வளம் குறைந்த விண்மீனில் அதைக் கொட்டுவது வீண். வரைபடம் முழுக்கத் தன் நிறமாக வேண்டும் என்ற ஆசையும் ஆபத்தானது: பேரரசின் அளவு கூடக் கூட ஆராய்ச்சிச் செலவும் ஏறும். இன்னொன்று, ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆட்டம் நிற்கும். நிறுத்திவிட்டு யோசிப்பது வெட்கமில்லை. ரீடுக்கும் மன்றோவுக்கும் அந்த வசதி இருந்திருந்தால் ஏழு ஆண்டு ஆகியிருக்காது.

கணக்கு எழுதியவர்கள் போருக்கே போகவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1799-ல் திப்புவின் மீது கடைசிப் படையெடுப்பு நடந்தபோது, பாரமகாலிலிருந்து படைக்கு உணவுப்பொருள் திரட்டிக்கொண்டு போனவர் இதே ரீட். எந்த ஊரில் எவ்வளவு விளையும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

படை வேண்டாம் என்று சொல்லத் தருமபுரி மாவட்டத்துக்கு வாயும் இல்லை. தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அங்கே படைக்கலக் கொட்டிலைப் பார்த்துச் சொன்னதாகப் புறநானூற்றில் இருப்பதைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவார்கள். தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூட்டி, நெய் பூசிப் பளபளக்கின்றன. அதியமானுடையவையோ போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்த சாமர்த்தியத்தில் குறையில்லை. ஆனால் ஸ்டெல்லாரிஸில் உட்கார்ந்து பார்த்தால் தொண்டைமான் அவ்வளவு மோசமில்லை. கணினி ஆடும் அண்டை அரசு, போர் தொடுக்குமுன் எதிராளியின் கப்பற்படை பலத்தைத் தன் பலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். உரிய வசதியுள்ள நிலையத்தில் கட்டி நிறுத்திய கப்பலுக்குப் பராமரிப்பும் குறைவு. பளபளப்பாகச் சும்மா நிற்கும் படை ஒரு தோட்டா செலவில்லாமல் இருபது ஆண்டு அமைதி வாங்கித் தரும். பட்டறையில் கிடக்கும் படைக்கு மறுபடி உலோகம் வேண்டும்.

அதியமானிடம் கற்க வேண்டியது அண்டை அரசியல். அவர் மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரை வென்றவர். அந்தக் காரி பிறகு கொல்லிமலைத் தலைவன் ஓரியைக் கொன்று அந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தார். கொல்லிப் பகுதியில் அதியமானையும் அவரோடு நின்ற இருபெரு வேந்தரையும் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தோற்கடித்து, தகடூரையும் அழித்தார் என்கிறது பதிற்றுப்பத்தின் பதிகம். கொல்லி விழுந்த அன்றே தகடூரின் தெற்கு வாசல் திறந்துவிட்டது. கேமிலும் புதியவர்கள் பக்கத்து வீட்டைக் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்துக்கொண்டு, அதற்கடுத்த வீட்டை மறந்துவிடுகிறார்கள். நடுவிலிருக்கும் சிற்றரசை எவன் விழுங்குகிறானோ அவன்தான் அடுத்த எதிரி. அந்தச் சிற்றரசைக் காப்பாற்றுவது பெரும்பாலும் தன் எல்லையைக் காப்பதைவிட மலிவு.

எல்லைக் காவலைப் பற்றித் தருமபுரிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே எத்தனை வண்டி நிற்கும் என்பது அவருக்கு அத்துப்படி. ஸ்டெல்லாரிஸில் கப்பல்கள் நினைத்தபடி பறக்க முடியாது. விண்மீன்களை இணைக்கும் குறிப்பிட்ட தடங்களில்தான் போகும். எல்லாத் தடமும் வந்து சேரும் விண்மீனே தொப்பூர். அங்கே மட்டும் நிலையத்தை வலுப்படுத்தி, வழிமறிப்புக் கருவியும் பொருத்திவிட்டால், அதை வீழ்த்தாமல் எதிரி உள்ளே போக முடியாது. பத்து எல்லைச் சாவடியில் பத்துப் பீரங்கி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆக, பரவும்போதே கணவாயை நோக்கிப் பரவ வேண்டும்; உட்பக்க நிலம் எங்கும் ஓடிவிடாது.

கணினிக்குப் பதில் மனிதர்களோடு ஆடும்போது நிலைமை வேறு. 2002-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ‘ஓகேம்’ பிரவுசரில் இரவும் பகலும் ஓடுவது. ஆடுகிறவர் தூங்கும்போதும் ஆட்டம் தூங்காது. பக்கத்து மண்டலத்துக்காரர் நள்ளிரவில் வந்து கிடங்கிலிருப்பதில் சாதாரணமாகப் பாதி வரை அள்ளிப் போகலாம். வெட்சிப்பூ சூடி ஆநிரை கவர்ந்த காலத்திலிருந்து வழக்கம் மாறவில்லை. அனுபவசாலிகள் படுக்கப் போகுமுன் சேர்ந்த வளத்தையெல்லாம் சுரங்கத்திலோ கட்டடத்திலோ போட்டுவிடுகிறார்கள். கப்பல்களைத் தொலைதூரப் பயணத்தில் அனுப்பி, விழிக்கும் நேரத்துக்குத் திரும்பி வரும்படி வைக்கிறார்கள். வருகிறவனுக்குக் காலிப் பட்டிதான்.

மனிதர்கள் ஆடும் இன்னொரு விளையாட்டான ஐஸ்லாந்தின் ‘ஈவ் ஆன்லைன்’, பேரேட்டைப் பார்க்காததன் விலையை உலகுக்கே காட்டியது. 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற விண்மீன் மண்டலத்தின் உரிமைக்கான தவணைப் பணம் உரிய நேரத்தில் கட்டப்படவில்லை. மண்டலம் யாருக்கும் சொந்தமில்லாமல் போனது. எதிரிகள் நுழைந்தார்கள், இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். சுமார் 21 மணி நேரச் சண்டையில் டைட்டன் என்னும் ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. உண்மையான பணத்தில் கணக்கிட்டால் சேதம் 3 லட்சம் டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள்.

அந்தச் சண்டைக்குக் கப்பல் சிதைவுகளாலான நினைவிடம் ஒன்றை அங்கேயே வைத்தது விளையாட்டு நிறுவனம். புதிய ஆட்டக்காரர்கள் கப்பலோட்டிப் போய்ச் சுற்றிப் பார்க்கிறார்கள். தருமபுரி நகரத்து அகழ்வைப்பகத்திலும் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன: ஆநிரை மீட்கப் போய் விழுந்தவர்கள், கையில் வில்லும் வாளுமாக. எழுத்துள்ள கற்களில் ஆட்சியிலிருந்த மன்னனின் பெயரும் ஆண்டும் இருக்கும். பட்டவனின் பெயரும் அதே கல்லில் இருக்கும். ஸ்டெல்லாரிஸின் மேல்வரிசையில் மக்கள்தொகைக்கும் ஓர் எண் உண்டு.