"அழாதீங்க ஆச்சி" என்று சொல்வதற்கு முன்...

தென்காசி அரசு மருத்துவமனையில் ஒரு வார்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே குற்றாலச் சீசன் சாரல். உள்ளே, சர்க்கரைப் புண்ணால் காலை எடுக்க வேண்டிய நிலையில் ஓர் ஆச்சி. காலமெல்லாம் பீடி சுற்றியவர். சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

"அழாதீங்க ஆச்சி, எல்லாம் சரியாயிரும்!"

நாம் எல்லோரும் சொல்வது இதைத்தான். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால், 'இதைப் பற்றி இனிப் பேசாதே' என்றுதான் ஆச்சிக்குக் கேட்கும்.

விவரம் தெரிந்த செவிலியர் என்ன செய்வார்? ஸ்டூலை இழுத்துப்போட்டு ஆச்சியின் முகத்துக்கு நேராக உட்காருவார். "பயமா இருக்கா ஆச்சி? எத நெனச்சு பயப்படுதிய?" என்று கேட்டுவிட்டு, சும்மா இருப்பார். அந்த மௌனம்தான் முக்கியம்.

"வலியத் தாங்கிருவேன் தாயி. காலு போயிட்டா பீடிக் கடைக்கு யாரு போவா? மவளுக்குப் பாரமால்ல ஆயிருவேன்?"

இப்போதுதான் உண்மையான பயம் வெளியே வருகிறது. "மக வரட்டும், சேர்ந்து பேசுவோம். செயற்கைக் கால் பத்தி டாக்டர்கிட்ட கேப்போம். நாலு மணிக்கு வாரேன்" என்கிறார் செவிலியர். சொன்னபடி நாலு மணிக்கு வந்தும் நிற்கிறார். பொய்யான வாக்குறுதி ஒன்றுகூட இல்லை. ஆச்சி இரண்டு வாய் சாப்பிடுகிறார்.

இது வெறும் இளகிய மனசு அல்ல, கற்றுக்கொள்ளும் திறமை. நோயாளிக்கும் செவிலியருக்கும் உள்ள உறவே சிகிச்சையின் பகுதி என்று, அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-லேயே புத்தகம் எழுதினார். இன்று நர்சிங் படிப்பில் இது பாடம்.

ஆனால், ஒரு செவிலியருக்கு எத்தனையோ கட்டில்கள். இரவெல்லாம் பக்கத்தில் இருப்பது நாம்தான். அதனால் நாமும் பழகலாம்:

• நின்றுகொண்டு பேசாதீர்கள், உட்காருங்கள். போனை உள்ளே வையுங்கள்.
• "எங்க மாமாவுக்கும் இப்படித்தான்..." என்று ஆரம்பிக்காதீர்கள்.
• "ஏன் அழுறீங்க?" என்பதைவிட, "எது ரொம்ப கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள்.
• அழுதால் அழவிடுங்கள்.

"செத்துட்டா நிம்மதி" என்று சொன்னால் மட்டும் அலட்சியம் வேண்டாம். திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். வீட்டில் என்றால் டெலி மானஸ் 14416-க்கு அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆப்பிள், ஹார்லிக்ஸோடு பத்து நிமிடக் காதையும் கொண்டுபோங்கள்.