குறை மாதக் குழந்தையின் இருதயத்துக்கு ஆபத்து! உயிர் காக்கும் டியூப்பால் வரும் வினை

37 வாரம் நிறையும் முன்பே பிறப்பவை குறை மாதக் குழந்தைகள். 2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அவற்றில் ஏறக்குறைய 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை.

மிகவும் முன்னதாகப் பிறந்த சிசுவுக்குப் பால் செரிக்காது. ஆகவே, கை அல்லது கால் வழியாக நூல் போன்ற டியூப் ஒன்றைச் செலுத்துகிறார்கள். அதன் நுனி, இருதயத்துக்கு அருகே உள்ள பெரிய ரத்தக் குழாயில் நிற்கும். சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் அதன் வழியே ஏறும். குழந்தை பிழைப்பது அதனால்தான்.

ஆபத்து எப்படி?

சில சமயம் நுனி இருதயத்துக்குள்ளேயே போய்விடுகிறது. அடர்த்தியான சத்து நீர் ஒரே இடத்தில் படுவதால், இருதயச் சுவர் புண்ணாகிறது. நீர் கசிகிறது. இருதயத்தைச் சுற்றியுள்ள பையில் அது தேங்கி, இருதயத்தை நெருக்குகிறது. நன்றாக இருந்த குழந்தை திடீரென வெளிறும். நாடி விழும்.

இங்கிலாந்தில் இப்படி 4 குழந்தைகள் இறந்தன. அதை ஆராய்ந்த சுகாதார இலாகா, "நுனி இருதயத்துக்குள் இருக்கக்கூடாது" என்று 2001-ல் அறிவுறுத்தியது. ஆனால் அது அபூர்வம். 2003-ல் வெளியான பிரிட்டிஷ் கணக்குப்படி, 1,000 டியூப்புகளில் சுமார் 2-ல்தான் இப்படி நேர்ந்தது.

ஒரு தடவை பார்த்தால் போதாது

டியூப் போட்டதும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் குழந்தை கையை மடக்கினாலே நுனி நகரும். இன்று சரியாக இருப்பது நாளை இடம் மாறலாம். எனவே அடிக்கடி கவனிக்க வேண்டும்.

குழந்தை திடீரென மோசமானால், கிருமிதான் காரணம் என்று நினைத்துவிடுவது உண்டு. அதில் நேரம் போய்விடும். டியூப் உள்ள குழந்தை என்றால், டாக்டர்கள் இதையும் உடனே சந்தேகிக்க வேண்டும். "எக்கோ" கருவி நீர்த் தேக்கத்தைக் காட்டிவிடும். ஊசியால் அதை உறிஞ்சி எடுத்தால் இருதயம் மீண்டும் சீராகத் துடிக்கும். சில சமயம் வருவது ரத்தமல்ல. ஏற்றிய சத்து நீரேதான்!

பெற்றோர் பயந்து, "டியூப் வேண்டாம்" என்று சொல்லக்கூடாது. "நுனி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.