குளிசை எழுதுமுன் மலசலகூடம் எங்கே என்று கேளுங்கள்

நம் தோட்டங்களில் வயது போன ஆண்கள் வாய் திறந்து சொல்லத் தயங்கும் தொல்லை ஒன்றுண்டு. இரவில் மூன்று நான்கு தடவை எழும்ப வேண்டியிருக்கிறது. எழும்பிப் போனாலும் சலம் உடனே வருவதில்லை. வந்தாலும் சொட்டுச் சொட்டாக நின்றுவிடுகிறது. "வயசானா அப்படித்தான்" என்று கம்பளியை இழுத்து மூடிக்கொள்கிறார்கள்.

சலப்பையின் வாயிலில், சலக்குழாயைச் சுற்றி இருப்பது புரொஸ்டேட் சுரப்பி. வயது ஏற ஏற அது பருத்துக் குழாயை நெரிக்கிறது. 60 வயதளவில் ஏறக்குறையப் பாதி ஆண்களுக்கு இந்தப் பருமன் இருக்கும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் இரண்டின் அறிகுறிகளும் ஒன்றுபோல இருக்கக்கூடும் என்பதால், பாமசியில் கேட்டு வாங்காமல் வைத்தியரிடம் காட்டியே மருந்து எடுக்க வேண்டும். மருந்தும் நல்ல மருந்துதான். எங்கள் கவலை அந்த மருந்து போய்ச்சேரும் வீட்டைப் பற்றியது.

டாம்சுலோசின், பிரசோசின் போன்றவை சலப்பை வாயிலில் உள்ள தசையைத் தளர்த்துகின்றன. கூடவே இரத்தக் குழாய்களையும் ஓரளவு தளர்த்துவதால், படுத்திருப்பவர் சட்டென்று எழும்பினால் பிரசர் இறங்கித் தலை சுற்றும். பிரசோசின் முதலில் பிரசருக்கென்றே வந்த மருந்து. முதல் குளிசையிலேயே மயங்கி விழுவோர் உண்டு என்பதால்தான், அதைக் குறைந்த அளவில், படுக்கப் போகும்போது தொடங்கச் சொல்கிறார்கள்.

பட்டணத்து வீட்டில் மலசலகூடம் அடுத்த அறையில் இருக்கும். வெள்ளைக்காரர் காலத்து லயங்களில் அது வெளியே, பல இடங்களில் பாசி பிடித்த படிகளுக்குக் கீழே. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மண் சரிந்து, லயத்தையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டு வெளியேறியவர்களுக்கு அதுவும் இல்லாமற் போனது. மண்டபத்தில் நெருங்கிப் படுத்திருப்பவர்களைத் தாண்டி இருட்டில் போக வேண்டும். அங்கே எழுபது வயதுக்காரர் தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்துவிடும்.

ஆகவே, "இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள்?" என்று கேட்கும் வைத்தியர், "எழும்பி எங்கே போகிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். அவர் கேட்காவிட்டால் நாமே சொல்லுவோம். இடம்பெயர்ந்தோரைத் தங்கவைக்கும் மண்டபங்களில், வயதானவர்களுக்கு வாசல் ஓரமும் வழியில் ஒரு விளக்கும் ஒதுக்குவது பெரிய செலவல்ல. வீட்டில் கட்டிலருகே மூடியுள்ள வாளியும் கையெட்டும் தூரத்தில் டோர்ச்சும் வைக்கலாம். மருமகள் படுக்கும் ஓரறை வீட்டில் வாளியா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. பழைய சேலை ஒன்றைக் குறுக்கே கட்டினால் போதுமே! எழும்புமுன் கட்டில் ஓரத்தில் சற்று உட்காரட்டும். இரவில் சலம் கழிப்பதும் உட்கார்ந்தபடியே இருக்கட்டும்.

இன்னொரு ஆபத்து பெயரில் இருக்கிறது. ஒரே மருந்துக்குப் பல கம்பனிப் பெயர்கள். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, மருந்துகளைப் பொதுப் பெயரால் வழங்க வேண்டுமென்று வாதாடியது சும்மா அல்ல. நடமாடும் கிளினிக்கில் கிடைத்ததும் பாமசியில் வாங்கியதும் ஒரே மருந்தாக இருந்துவிட்டால், பெரியவர் இரட்டிப்பு அளவை விழுங்குவார். பிரசருக்குப் பிரசோசின் எடுப்பவருக்கு டாம்சுலோசினும் சேர்ந்தால் இரண்டும் ஒரே வகை. எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

டாம்சுலோசின் கூட்டை உடைக்காமல், கடிக்காமல், தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்க வேண்டும். கண்ணில் வெண்படலத்துக்கு ஒப்பரேஷன் செய்யப் போகிறவர், இந்த மருந்தை எப்போதாவது எடுத்திருந்தாலும் கண் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சுரப்பியையே சுருங்கச் செய்யும் பினாஸ்டரைட் வேறு வகை. பலன் தெரிய ஆறு மாதம் வரை ஆகலாம்; இரண்டு கிழமையில் "இது சரிவராது" என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் குளிசையை உடைத்தாலோ பொடியாக்கினாலோ கர்ப்பிணிகள் தொடவே கூடாது. வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தைக்குப் பாதிப்பு வரலாம். தாத்தாவுக்குக் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

மழைக்காலத்தில் தடிமன் வந்தால் கடையில் பிரிற்றன் வாங்கிப் போடுவது நம் வழக்கம். புரொஸ்டேட் பருத்தவருக்கு அது சலத்தை அடியோடு நிறுத்திவிடக்கூடும். அடிவயிறு வீங்கி, வலியோடு, ஒரு சொட்டும் வராவிட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கூடுதலாக ஒரு குளிசையும் போடாதீர்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, கிட்ட உள்ள எந்த அரச வைத்தியசாலைக்கோ அந்த நேரமே கொண்டுபோங்கள். குழாய் போட்டுச் சலத்தை எடுத்துவிடுவார்கள்.

வீட்டோடு கிளினிக் கொப்பியையும் மண் கொண்டுபோனவர்கள், பல நாள் மருந்து விட்டுப்போன நிலையில் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கக் கூடாது. முதல் நாள் மயக்கம் மீண்டும் வரலாம். மருந்தின் பெயர் நினைவில்லையா? வெறும் உறை கிடந்தாலும் எடுத்துப் போங்கள். அதுவும் இல்லையென்றால் எழுதித் தந்த கிளினிக்கின் பெயரையும் போன மாதத்தையும் சொல்லுங்கள். அங்கே தேடிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.